எழுபது வயதில் ஒரு நாற்காலி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. நல்ல ஆசிரியர்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் டாம் ஆஸ்போர்னை ஒரே வரியில் உயர்த்திச் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் அமெரிக்க ஃபுட்பால் கோச்சாக இருந்த நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்குள் நான் போனது ஒரே ஒரு முறை, அதுவும் 2023 ஆகஸ்டில் பெண்கள் வாலிபால் பார்க்க, என் மகளோடு.

இரண்டு கேள்விகள். இருபத்தைந்து வருடம் ஃபுட்பால் கோச்சாக இருந்தவர், மூன்று தேசியப் பட்டங்கள் வென்றவர், அரசியலுக்கும் போய்விட்டு எழுபது வயதில் அதே பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்பி வந்திருக்கிறார். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த வித்துவான் கடைசியில் சபா செயலாளர் ஆன மாதிரி இருக்கிறது. டிக்கெட், பட்ஜெட், காண்டிராக்ட் என்று உட்காருவதற்கா திரும்பி வந்தார்?

அடுத்தது என் மகளின் கேள்வி. 1995இல் ஒரு பெண்ணை அடித்த ஆட்டக்காரரை அவர் மறுபடியும் அணியில் சேர்த்துக்கொண்டார் என்று படித்துவிட்டு வந்து சொன்னாள். "அவரையா உங்கள் எழுத்தாளர் நல்ல ஆசிரியர் என்கிறார்?" என்றாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்புடன்,
எஸ்., லிங்கன்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளின் கேள்விதான் பெரியது. ஆனால் உங்கள் கேள்வி வழியாகப் போனால்தான் அதற்குச் சரியாக வந்து சேர முடியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் என்று ஒருவர் இருப்பார். அவரை மனதில் வைத்துக்கொண்டு நெப்ராஸ்காவில் அந்தப் பதவியைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட அணிகளுக்குக் கோச்சுகளை வேலைக்கு எடுப்பது, நீக்குவது, ஸ்டேடியம் கட்டுவது எல்லாம் அந்த ஒருவர் பொறுப்பு. ஃபுட்பால் டிக்கெட்டில் வருகிற பணம்தான் நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் அணிகள் என்று மற்றவர்களுக்கும் போகிறது. நீங்கள் மகளோடு பார்த்த அந்த வாலிபால் ஆட்டத்துக்கு 92,003 பேர் வந்திருந்தார்கள். ஃபுட்பாலுக்காகக் கட்டிய இடத்தில், ஆஸ்போர்ன் பெயர் வைத்த மைதானத்தில், பெண்கள் ஆடுவதைப் பார்க்க அத்தனை கூட்டம். அந்தப் படத்தை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று ஆஸ்போர்ன் கற்றுக்கொண்டது அதில் உட்கார்ந்து அல்ல, அதன் கீழே இருந்து.

அவருக்கு முன்னால் கோச்சாக இருந்தவர் பாப் டெவேனி. 1970, 1971 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள் வென்றவர். 1967 முதல் இயக்குநர் பதவியையும் சேர்த்துப் பார்த்தார். ஆஸ்போர்ன் அவரிடம் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்து, கூடவே கல்வி உளவியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். 1973இல் டெவேனி கோச் வேலையை விட்டுவிட்டு இயக்குநர் நாற்காலியில் மட்டும் உட்கார்ந்தார். கோச் வேலையை 35 வயது ஆஸ்போர்னிடம் கொடுத்தார்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். பரம எதிரி ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி. முதல் ஐந்து வருடமும் ஆஸ்போர்ன் அவர்களிடம் தோற்றார். ஆறாவது வருடம், 1978இல்தான் 17-14 என்று ஜெயித்தார். வருடத்துக்கு ஒன்பது ஆட்டங்களுக்குக் குறையாமல் ஜெயித்துக்கொண்டே இருந்தாலும், "பெரிய ஆட்டம் இவருக்கு வராது" என்று ஊர் பேசியது. அந்த 1978 சீசன் முடிந்ததும் கொலராடோ பல்கலைக்கழகம் கூப்பிட்டது. போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கடைசியில் லிங்கனிலேயே இருந்துவிட்டார். டெவேனி இயக்குநராக இருந்தது 1993இன் தொடக்கம் வரை. அதாவது ஆஸ்போர்ன் அவருக்குக் கீழே இருபது சீசன்கள் ஆடி முடித்தபோதும் கையில் ஒரு தேசியப் பட்டம்கூட இல்லை. முதல் பட்டம் 1994 சீசனில் வந்தது, அவருடைய இருபத்திரண்டாவது வருடம். இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகம் அத்தனை வருடம் காத்திருக்கும்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நடுவில் ஒரு ராத்திரி உண்டு. 1984 ஜனவரி 2, மயாமியில் ஆரஞ்ச் பௌல் என்ற சீசன் கடைசி ஆட்டம், எதிரே மயாமி பல்கலைக்கழக அணி. நெப்ராஸ்கா அந்த சீசனில் அதுவரை தோற்கவே இல்லை, முதலிடத்தில் இருக்கிறது. நான்காவது கால்பகுதியில் 31-17 என்று பின்தங்கிக் கிடந்து, மெல்ல ஏறி, 48 விநாடி மிச்சமிருக்கும்போது 31-30 என்று வந்துவிட்டது. பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் டச்டவுனுக்குப் பிறகு, அதைக் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி. பயிற்சி உள்ள ஆளுக்கு அது பெரும்பாலும் நிச்சயமான புள்ளி. ஆட்டம் சமனில் முடியும், அந்தக் காலத்தில் கூடுதல் நேரம் கிடையாது. சமன் செய்திருந்தால் பட்டம் அநேகமாக அவர்களுக்குத்தான். ஆஸ்போர்ன் அதைச் செய்யவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று, பந்தை மறுபடியும் எல்லைக்குள் சேர்த்தால் கிடைக்கிற இரண்டு புள்ளிக்கு முயன்றார். நெப்ராஸ்காவின் டர்னர் கில் எறிந்த பந்து எதிராளியின் விரலில் பட்டுத் திசை மாறியது. பட்டம் மயாமிக்குப் போனது.

அந்தத் தோல்விக்காக அவரை மதிக்கிறவர்கள் நெப்ராஸ்காவில் இன்றும் நிறையப் பேர். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆட்டம் முழுவதையும் ஒப்பிப்பார் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு ராத்திரிக்குப் பிறகும் மேலே இருந்தவர் தன்னைக் கைவிடவில்லை என்பதை அனுபவித்துப் பார்த்த கோச் அவர்.

1994, 1995, 1997 என்று மூன்று பட்டங்கள். 1997ஆம் வருடத்துப் பட்டத்தில் மிச்சிகனுக்கும் பங்கு உண்டு. 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன் என்ற கணக்கோடு விலகினார். மூன்று முறை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2006இல் ஆளுநர் வேட்பாளராக முயன்று, தன்னைக் கொண்டாடும் அதே மாநிலத்தில், தன் கட்சிக்குள்ளேயே தோற்றார். அரசியல் பகுதியைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

லிங்கனில் இதற்குள் நிலைமை மாறியிருந்தது. அவருக்குப் பின் வந்த ஃபிராங்க் சோலிச்சை 2003இல் நீக்கினார்கள், அந்த சீசனில் ஒன்பது ஆட்டங்கள் ஜெயித்திருந்த நிலையிலேயே. அடுத்து வந்தவர் பில் காலஹன். 2007 அக்டோபரில் சொந்த மைதானத்தில் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 45-14 என்று தோற்றதும் இயக்குநர் ஸ்டீவ் பீடர்சனையே வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஆஸ்போர்னைக் கூப்பிட்டார்கள். முதலில் தற்காலிகமாகத்தான்.

உங்கள் சபா செயலாளர் உவமை நல்ல உவமை. ஆனால் நான் அதைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு பாடகருக்கு மேடை கிடைப்பதும் போவதும் செயலாளர் கையில் இருக்கிறது. மேடையில் உட்கார்ந்து தொண்டை கட்டிய ராத்திரியை அறிந்த ஒருவர் அந்த இடத்துக்கு வந்தால் எப்படி இருக்கும்? காலஹனின் அணி அந்த நவம்பரில் கன்சாஸிடம் 76-39 என்று அடி வாங்கியது. அன்றைக்கே நீக்கியிருந்தால் யாரும் ஆஸ்போர்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சீசனின் கடைசி ஆட்டம் முடியும் வரை காத்திருந்து, மறுநாள்தான் நீக்கினார். நீக்காமல் விட்டுவிடவும் இல்லை. பொறுமையும் இருந்தது, முடிவும் இருந்தது. அடுத்து எடுத்த போ பெலீனி ஏழு சீசனிலும் ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை, ஆனால் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டம்) பட்டம் ஒன்றுகூட வாங்கித் தரவில்லை. அது சரியான தேர்வா என்று லிங்கனில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அவர் எடுத்த பெரிய முடிவு வேறு. பிக் டுவெல்வ் கான்ஃபரன்ஸை விட்டு பிக் டென்னுக்குப் போனது. பிக் டுவெல்வில் டெக்சாஸின் கை ஓங்கியிருந்தது. 2010 கோடையில் அந்தக் கூட்டமே உடையும் போல இருந்தது. ஜூன் மாதம் நெப்ராஸ்கா வெளியேறுவதாக அறிவித்தது, 2011 ஜூலையில் பிக் டென்னில் சேர்ந்தது. பணம் வந்தது, பாதுகாப்பு வந்தது. ஆனால் கன்சாஸோடு 1906 முதல் ஒரு வருடம்கூட விடாமல் ஆடிவந்த ஆட்டம் 2010ஓடு நின்றுபோனது. ஓக்லஹோமாவோடு மிச்சமிருந்த பழைய உறவும் போனது. ஐந்து வருடம் அவர்களிடம் தோற்று, ஆறாவது வருடம் ஜெயித்து, அதில்தான் கோச்சாக நிமிர்ந்தவர் அந்த ஆட்டத்தைக் கைகழுவ ஒப்புக்கொண்டார். கோச்சாக இருந்திருந்தால் ஒப்பியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். புதிய இடத்தில் நெப்ராஸ்காவுக்கு வருமானத்தில் முழுப் பங்கு கிடைக்கப் பல வருடங்கள் பிடித்தன. அதற்கு முன்பே, 2013இன் தொடக்கத்தில், அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இப்போது உங்கள் மகளுக்கு.

1995 செப்டம்பரில் லாரன்ஸ் பிலிப்ஸ் என்ற ஆட்டக்காரர் தன் முன்னாள் காதலியைத் தாக்கியதற்காகக் கைதானார். ஆஸ்போர்ன் அவரை அணியிலிருந்து விலக்கி வைத்தார். ஆறு ஆட்டங்களுக்குப் பிறகு திரும்பச் சேர்த்தார். 1996 ஜனவரி 2ஆம் தேதி பட்டத்துக்கான ஆட்டத்தில் ஆரம்பம் முதலே களத்தில் இறக்கினார். அணி ஃபுளோரிடாவை 62-24 என்று ஜெயித்தது. ஆஸ்போர்ன் அப்போது சொன்ன காரணம், அந்தப் பையனுக்கு வாழ்க்கையில் இருக்கிற ஒரே பிடிமானம் ஃபுட்பால், அதையும் எடுத்துவிட்டால் அவன் அழிந்துபோவான் என்பது.

அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் அவர் செய்தது தவறு. அடிபட்ட பெண்ணும் அதே பல்கலைக்கழக மாணவி, அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியில் ஆடியவர். அவருக்கும் விளையாட்டுதான் பிடிமானமாக இருந்திருக்கும். தன்னை அடித்தவர் பட்டத்துக்கான ஆட்டத்தில் ஓடுவதையும் நாடே கைதட்டுவதையும் அவர் பார்க்க வேண்டி வந்தது. பிலிப்ஸையும் அது காப்பாற்றவில்லை. பின்னால் வேறு தாக்குதல் வழக்குகளில் நீண்ட தண்டனை பெற்று, 2016 ஜனவரியில் சிறையிலேயே இறந்தார்.

ஒரு கோச்சுக்குத் தன் பையன்தான் கண்ணில் தெரிகிறான். அவனைத் தேடிப் பிடித்து அணிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். அந்தப் பெண் அவருடைய அணியில் இல்லை. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டிய இடம் மேலே இருக்கிற நாற்காலி. 1995இல் அங்கே இருந்தவரும் சரி, பல்கலைக்கழகமும் சரி, அவரைத் தடுக்கவில்லை. கோச்சாக இருந்தவர்கள் அந்த நாற்காலிக்கு வருவதில் உள்ள ஆபத்தும் இதுதான். பையனை விட்டுக்கொடுக்காத குணம் கூடவே வரும். கோச்சைக் காப்பாற்ற அது உதவும், ஆனால் ஒரு பெண் புகாரோடு வந்து நிற்கும்போது எதிரே நின்று மறைக்கும்.

ஆகவே உங்கள் மகளிடம் அவள் கேட்டது சரி என்று சொல்லுங்கள். என் ஒரு வரியில் இதையும் சேர்த்திருக்க வேண்டும், சேர்க்காதது என் பிழை. அவரை நல்ல ஆசிரியர் என்று எழுதியதை நான் திரும்பப் பெறவில்லை. அவரும் மனைவி நான்ஸியும் 1991இல் தொடங்கிய டீம்மேட்ஸ் என்ற அமைப்பு அப்படி எழுத ஒரு காரணம். இருபத்திரண்டு ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் லிங்கன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒருவராகத் துணையிருந்ததில் ஆரம்பித்தது, இன்று பல ஊர்களில் நடக்கிறது. அங்கே உள்ள ஏதாவது ஒரு பள்ளியில் விசாரித்தால் உங்களுக்கே தெரியும்.

ஸ்டேடியத்தின் வடக்குப் பக்கம் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஆஸ்போர்ன் தனியாக நிற்கவில்லை, பக்கத்தில் சீருடையில் ஒரு பையன் நிற்கிறான். புரூக் பெரிங்கர். 1994இல், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற முதன்மை ஆட்டக்காரர் நோயில் விழுந்தபோது இவன் வந்து அணியைத் தூக்கி நிறுத்தினான். அடுத்த வருடம் முணுமுணுக்காமல் மாற்று ஆட்டக்காரனாக பெஞ்சில் உட்கார்ந்தான். 1996 ஏப்ரலில், தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால், சிறு விமான விபத்தில் இறந்துபோனான். மகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.