கருப்பைவாய்ப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு மனைவி ஒதுங்கியே இருக்கிறார். கணவனாக நான் என்ன செய்யலாம்?

தம்பி, மனைவிக்கு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் (கதிர் சிகிச்சை) முடிந்து சில மாதமாகிறது, டாக்டர் நல்லபடியாகச் சொல்லி அனுப்பியும் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பக்கத்தில் போனாலே விலகிப் படுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே நோய்க்கு வைத்தியம் பார்த்தவள்தான். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன்.

அவர் உங்களை வெறுக்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ரேடியேஷன் பட்டால் யோனி வறண்டு, குறுகிப் போகலாம். தொட்டால் வலிக்குமோ என்ற பயம் எந்நேரமும் இருக்கும். சூலகங்களும் வேலை செய்யாமல் போவதால், சின்ன வயதிலேயே மாதவிடாய் நின்று, திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், ராத்திரி தூக்கம் வராது, சும்மாவே அழுகை வரும். பிள்ளை பெற முடியாதே என்ற துக்கம் வேறு. இதையெல்லாம் இரண்டு காம்பரா லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்), மாமியும் பிள்ளைகளும் படுத்திருக்கும் இடத்தில், எப்படி வாய்விட்டுச் சொல்வார்?

நானும் என் வீட்டுக்காரரும் பேசியதெல்லாம் விறகுக்குப் போகும் வழியில்தான். அவர் அதிகம் கேட்கமாட்டார், கூடவே நடப்பார். ராத்திரியில் என் காலைப் பிடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போவார். தொடுவதற்குப் பின்னால் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பயம் விட்டது. தாம்பத்தியம் எப்போது என்பதை டாக்டர் பரிசோதித்துச் சொல்லட்டும், உங்கள் மனைவியும் மனதாரச் சம்மதிக்கட்டும். தாம்பத்தியத்தால் புற்றுநோய் திரும்பி வராது, உங்களுக்கும் ஒட்டாது. வறட்சிக்குத் தண்ணீர்த் தன்மையுள்ள ஜெல் பார்மசியில் கிடைக்கும். குறுகாமல் இருக்க டைலேட்டர் என்று ஒரு கருவி உண்டு, கிளினிக்கில் கேட்டால் பழக்கிக் காட்டுவார்கள். அவருக்குச் சிங்களம் வராது என்றால் நீங்களும் உள்ளே போய்க் கேளுங்கள், வெளி வாங்கில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

அப்புறம் லயத்துப் பேச்சு. இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். உடலுறவில் தொற்றுவது என்று கேள்விப்பட்டதும் பெண்ணின் நடத்தையைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அது மிகச் சாதாரணமான வைரஸ், பல வருடம் வெளியே தெரியாமல் உடம்பில் கிடக்கும். கல்யாணமாகி ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவருக்கும் வரும். இதை உங்கள் அம்மா முன்னால், மனைவி காதில் விழும்படி, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவருக்கு அது மருந்தைவிடப் பெரிது. மகள் இருந்தால் ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் போடும் ஹெச்.பி.வி. தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். இலங்கையில் 2017 முதல் இலவசமாகப் போடுகிறார்கள்.

வேலைக்குப் போகச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். களைப்பு மாதக்கணக்கில் இருக்கும். ரேடியேஷனால் மூத்திரத்தை அடக்க முடியாமலும் போகலாம், மலையில் கக்கூஸ் ஏது? பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்ற கவலையில் தண்ணீரே குடிக்காமல் நின்ற நாட்கள் எனக்கு உண்டு. டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நீங்களே ஆபீசுக்குப் போய், லேசான வேலை கேளுங்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்துத் துரையிடம் (மேனேஜரிடம்) இரண்டு தடவை போய் நின்றுதான் எனக்குப் பிள்ளைக்காம்பராவில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) வேலை கிடைத்தது.

இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடு, தூக்கம், பேச்சு எதுவும் இல்லாமல் கிடந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் வைத்தியம் இருக்கிறது, கிளினிக் டாக்டரிடம் சொல்லுங்கள். 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அடித்தால் தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்று ஒரு வார்த்தை வந்தாலும் தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரத்தம் அதிகமாகப் போனாலும், ஒரு கால் மட்டும் வீங்கினாலும் அப்படித்தான், கிளினிக் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.