கிணற்று முடிவு முதலில் வீட்டுக்காரருக்கு

கேள்வி: நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். களப்பயிற்சிக்காக வலிகாமத்துக் கிராமமொன்றில் கிணற்றுநீர் மாதிரி எடுத்து, வினாக்கொத்தும் நிரப்புகிறோம். ஒரு அம்மம்மா, “உங்களை மாதிரி எத்தினை பேர் எழுதிக்கொண்டு போட்டினம், ஆர் பிள்ளை திரும்பி வந்தது?” என்று கேட்டுவிட்டா. அதற்குப் பிறகு எந்தப் படலையையும் திறக்க மனம் வரவில்லை. இடம் மாற்றிக் கேட்கட்டுமா?
– மாணவி, கோண்டாவில்

பதில்: மாற வேண்டாம் மகள். அம்மம்மா கேட்டது நியாயமான கேள்வி. 2009இல் போர் முடிந்த பிறகு படிவத்தோடு எங்கள் ஊர்களுக்கு வந்தவர்கள் கொஞ்சப்பேரா? இழப்பையும் வருமானத்தையும் சொல்லிச் சொல்லிச் சனம் களைத்துவிட்டது. சொன்னது எங்கே போனதென்று ஒருவரும் வந்து சொல்லவில்லை.

நீங்கள் சொல்லலாம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்கும் மாரிமழைதான் எங்கள் கிணறு. வெங்காயத் தறைக்குப் போட்ட யூரியாவும் மலசலகூடக் குழியின் கசிவும் அதே வெடிப்புகளால் இறங்கி, நைத்திரேற்றாகத் தண்ணீரில் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினாலும் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. கொதிக்கவைத்தால் சரி என்றுதான் தாய்மார் நம்புவார்கள். கொதித்தால் நீர் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே நின்று செறிவு கூடும். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதைப் பரீட்சைத் தாளில் மட்டும் எழுதிவிட்டு வருவது எனக்குச் சம்மதமில்லை.

முடிவு வந்ததும் வீடு வீடாகப் போங்கள். திகதி, அளவு, குடிக்கலாமா, கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று ஒரு துண்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். சனசமூக நிலையத்தில் ஊரின் பொதுநிலையை மட்டும் பேசுங்கள். இன்னாருடைய கிணறு கெட்டது என்று சபையில் வாசித்தால் நாளைக்கு அவர்களுடைய காணி விலைப்படாது. அளவு கூடிய வீட்டுக்காரர் சம்மதித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். குழாய்த் தண்ணீர் எப்போது வருமென்று கட்டாயம் கேட்பார்கள். அது உங்கள் கையில் இல்லையென்று நேரே சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் விரிவுரையாளரின் அனுமதியை இந்தக் கிழமையே கேளுங்கள். போத்தலில் இலக்கம் போடும்போதே, எந்த இலக்கம் எந்த வீடு என்பதைத் தனிக் கொப்பியில் குறித்துவையுங்கள். ஆய்வுகூடத்துக்குப் போன பிறகு தேடினால் பிடிபடாது.