வடிவுடையாள், வடிவு, வடிவக்கா: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

"வடிவு என்று பெயர் வைக்கலாமா" என்று போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டதற்கு நாலு வரி எழுதினேன். அதிலிருந்து கேள்வியாக வந்துகொண்டிருக்கிறது, சரி, எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், முப்பது வருஷம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்தவள், என் பாட்டி பெயரும் வடிவுடையாள்தான்.

தண்டையார்பேட்டை: டீச்சர், மாமியார் 'வடிவுடையாள்' என்று வைக்கச் சொல்கிறார். வீட்டுக்காரர், "உடை என்றால் துணிதானே, இதெல்லாம் ஒரு பெயரா" என்கிறார்.

துணிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லைம்மா. அறிவுடையவன், பொருளுடையவன் என்கிறோமே, அந்த 'உடைய'தான் இது. வடிவு என்றால் உருவம், அழகு இரண்டும். அழகைத் தனக்கென்று உடையவள் வடிவுடையாள். இன்னொன்றும் இருக்கிறது. 'உடையாள்' என்று தனியாகச் சொன்னாலே தலைவி, ஆளுகிறவள் என்று பொருள். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் அம்பிகையை வெறுமனே 'உடையாள்' என்றுதான் கூப்பிடுகிறார். அதனால் இது அழகை மட்டும் சொல்லி நிற்கிற பெயர் இல்லை, அந்த அழகுக்குச் சொந்தக்காரி என்ற அதிகாரமும் அதற்குள் இருக்கிறது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் அம்மனுக்கு வடமொழியில் திரிபுரசுந்தரி என்று பெயர், அதிலும் அழகுதான் இருக்கிறது, ஆனால் நம் வாய்க்கு வந்தது வடிவுடையம்மன். மாமியார் சொல்வதைக் கேளுங்கள்.

ராயபுரம்: இவ்வளவு நீளமான பெயரை எப்படிச் சுருக்குவது? உங்கள் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?

பாட்டியை அவர் அம்மா 'வடிவு' என்பாராம். தெருவுக்கு அவர் வடிவக்கா, அதை வேகமாகச் சொல்லிச் சொல்லி 'வடியக்கா' ஆகிவிட்டது. மீன்கூடையோடு வருகிற அம்மா வாசலில் நின்று "வடியக்கோவ்" என்று கூப்பிடுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நோட்டில், பத்திரத்தில் வடிவம்மாள். வடிவாம்பாள், வடிவாம்பிகை, வடிவுநாயகி என்பதெல்லாம் தனிப்பெயர்களாகவே வழங்குகின்றன, அவற்றுக்கும் வீட்டுப்பெயர் வடிவுதான்.

சுருக்கத்துக்கு எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. பாத்திரக் கடையில் பெயர் வெட்ட எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள். வடிவுடையாள் ஆறு எழுத்து, வடிவு மூன்று. பாட்டியின் சீர்வரிசைப் பித்தளைக் குடத்தில் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'வடிவு' என்று மட்டும் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து டி-யின் சுழி மழுங்கிவிட்டது, விரல் வைத்துத் தடவினால்தான் தெரியும். ஆனால் முன்கையில் பச்சை குத்தியபோது முழுப் பெயரையும் குத்தச் சொன்னாராம், வலித்தாலும் பரவாயில்லை என்று.

எனக்குப் பிடிக்காத சுருக்கம் ஒன்றே ஒன்றுதான். 'வி' என்று வெறும் இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வடிவு என்பதே ரெண்டு நொடிகூட ஆகாத பெயர், அதை எதற்கு இன்னும் வெட்ட வேண்டும்?

எண்ணூர்: வடிவுக்கரசி என்பதும் இதே பெயரா?

சொல் ஒன்றுதான், கட்டு வேறு. வடிவுக்கு அரசி, அதாவது அழகுக்கு ராணி. நாவுக்கு அரசர் நாவுக்கரசர் ஆன மாதிரி.

கொருக்குப்பேட்டை: என் பெயர் வடிவேல், தங்கச்சிக்கு வடிவு. அப்பா பொருத்தம் பார்த்து வைத்தாரா, இல்லை சும்மா எதுகையா?

அப்பா நன்றாகத்தான் வைத்திருக்கிறார் தம்பி. 'வடி' என்றால் ஒன்றை அடித்து, செதுக்கி, வேண்டாததை நீக்கித் திருத்துவது. சிலை வடிக்கிறோம், கஞ்சி வடிக்கிறோம். புறநானூற்றில் பொன்முடியார் பாட்டில் "வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே" என்று வருகிறது, அந்த வடித்த வேல்தான் நீங்கள். அப்படித் திருந்தி வந்த உருவம் உங்கள் தங்கச்சி. வேர் ஒன்று, பிள்ளைகள் ரெண்டு.

வண்ணாரப்பேட்டை: என்னுடன் வேலை செய்கிற யாழ்ப்பாணத்து அக்கா "வடிவாப் பார்" என்கிறார். அழகாகப் பார் என்றா?

'நல்லாக் கவனித்துப் பார்' என்கிறார். ஈழத்தில் வடிவு இன்றும் தினசரிச் சொல். வடிவான பிள்ளை என்றால் அழகான பிள்ளை. நம் பக்கம் பேச்சில் குறைந்து பெயரில் தங்கிவிட்டது. திருநெல்வேலிப் பக்கமும் நிறைய வடிவு உண்டு, அங்கே காந்திமதியம்மனுக்கு வடிவுடையம்மை என்றும் பெயர்.

திருவொற்றியூர்: எட்டு வயது மகளைப் பள்ளியில் 'வடை, வடை' என்கிறார்கள். அழுகிறாள். பெயரை மாற்றிவிடலாமா அக்கா?

மாற்றாதீர்கள், கண்ணு. இந்தக் கேள்வியை நான் ரெண்டு முறை படித்தேன். முதலில் வகுப்பு டீச்சரைப் பார்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் சும்மா சொல்வதுதானே என்று விடாதீர்கள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் அம்மன் எதிரே உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். வள்ளலார் ஏழுகிணறு வீராசாமி தெருவில் குடியிருந்தவர், அங்கிருந்து நடந்தே இந்த அம்மனைப் பார்க்க வருவார். ஒரு ராத்திரி நேரமாகி வீட்டுக் கதவு சாத்தியிருக்க, பசியோடு திண்ணையில் படுத்தவருக்கு அண்ணி உருவத்தில் வந்து சோறு போட்டவள் இந்த வடிவுடையாள்தான் என்பார்கள். அவர் இவள்மேல் பாடிய வடிவுடை மாணிக்க மாலையில் 101 பாட்டு, பாட்டுக்குப் பாட்டு "வடிவுடை மாணிக்கமே" என்று முடியும். அந்த முடிவை மட்டும் அவளையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பாட்டைப் படியுங்கள். தன் பெயரை இத்தனை முறை ஒருவர் ஆசையாகக் கூப்பிட்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியட்டும்.

காசிமேடு: ஆயா பெயர் சங்கிலி. கழுத்துச் சங்கிலியா?

சங்கிலி நாச்சியாரின் பெயர். சுந்தரர் இவரை மணந்தது நம் திருவொற்றியூரில்தான், உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை அதற்காகத்தான்.

மணலி: பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயரா, வடிவு மட்டுமா?

முழுப்பெயர். பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு. பாட்டிக்கு ரேஷன் கார்டில் வடிவு, பத்திரத்தில் வடிவம்மாள், ரெண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட ஒரு அலுவலகத்துக்கு அம்மா நான்கு மாதம் அலைந்தார். அதனால் இங்கிலீஷ் எழுத்துக்கோவையை முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். தமிழில் கடைசி 'ள்' விழுந்திருக்கிறதா என்று வாங்குகிற இடத்திலேயே நின்று பார்த்துவிடுங்கள்.