எனக்குத் தெரியாமலேயே எக்ஸ்பார்ட்டி (ஒரு தரப்பு ஆஜராகாத நிலையில் தரப்படும்) தீர்ப்பு வந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். "டிகிரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) ஆயிடுச்சு, அவ்வளவுதான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

உங்களுடையது சிவில் கேஸ், சம்மன் கைக்கு வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அப்பாவுக்கு நடந்ததும் இதுதான். தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை பற்றிய வழக்கு. அப்பா எங்களோடு திருப்பூரில் இருந்தார், கிராமத்து வீடு பூட்டிக் கிடந்தது. அமீனா (சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியர்) சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எதிர்த் தரப்புக்கு நன்றாகத் தெரியும். தங்கை கல்யாணத்துக்கு திருப்பூர் வீட்டுக்கே வந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். ஆனாலும் பிராதில் (வழக்கு மனுவில்) கொடுத்தது பூட்டிய வீட்டு முகவரி. ஈ.பி. (டிகிரியை நிறைவேற்றக் கோரும் மனு) போட்ட பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-இன் கீழ் செட் அசைட் மனு, அதாவது டிகிரியை ரத்து செய்யக் கோரும் மனு போட்டோம். டிகிரி தேதியிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை (கொடுக்கப்படவில்லை) என்றால், டிகிரி பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். ஆகவே எப்போது, யார் மூலம் தெரிந்தது என்பதை அபிடவிட்டில் (மனுவோடு தரும் சத்தியப் பிரமாணத்தில்) தெளிவாக எழுதுங்கள். எங்கள் வக்கீல் எதற்கும் இருக்கட்டும் என்று தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும், ஈ.பி.யை நிறுத்திவைக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போட்டார்.

எங்களைக் காப்பாற்றியது ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு. சம்மன் ஒட்டிய அதே தேதியில் அப்பா திருப்பூரில் சர்க்கரைக்கு மருந்து வாங்கியிருந்தார். இந்த மாதிரி தேதி போட்ட காகிதம் எது கிடைத்தாலும் தேடி எடுங்கள். மனுவை அனுமதித்த நீதிபதி, குறித்த நாளுக்குள் எதிர்த் தரப்புக்கு காஸ்ட் (செலவுத் தொகை) கொடுக்க வேண்டும், தவறினால் மனு தள்ளுபடி என்று உத்தரவு போட்டார். "அவன் பொய் முகவரி கொடுப்பான், நான் பணம் கொடுக்கணுமா?" என்று அப்பா கொதித்துப்போனார். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கெடுவைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்து, முதல் வேலையாகக் கட்டினோம்.

நான் வக்கீல் இல்லை. சம்மனில் சின்னக் குறை இருந்தாலே டிகிரி ரத்தாகிவிடும் என்றும் சொல்ல வரவில்லை. வாய்தா தேதி தெரிந்து, ஆஜராக நேரமும் இருந்திருந்தால் அந்தக் குறை உதவாது என்று அதே விதி சொல்கிறது. "நேராக அப்பீல் போகலாமே" என்று சிலர் வருவார்கள். போகலாம், அதே சட்டத்தின் பிரிவு 96 இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த அப்பீல் தோற்று முடிந்துவிட்டால் அதன்பின் செட் அசைட் மனு போட முடியாது. உங்களுடையது மாஜிஸ்திரேட் கோர்ட் ஜீவனாம்ச வழக்கு என்றால் கெடு மூன்று மாதம், சட்டப் பிரிவும் வேறு.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீழமை நீதிமன்றங்களில் தீர்ப்பு தமிழில் எழுதப்பட வேண்டும் என்று 1976-லேயே தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த நகல் முழுக்க ஆங்கிலம். தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிற மனிதர், தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பை மகன் படித்துச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.