வோக் லோகோவில் அந்த மயிரிழைக் கோடு எதற்கு?

கேள்வி: 'வோக்' (VOGUE) என்னும் பாணிச் சஞ்சிகையின் லோகோ வெறும் ஐந்து ஆங்கில எழுத்துகள்தான். அதில் அப்படி என்ன வடிவமைப்பு, என்ன அர்த்தம் இருக்கிறது?

கிளிநொச்சியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை வடிவமைப்பது என் தொழில். தையல்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இந்த லோகோவைப் போனில் காட்டி, "என்ர கடைப் பெயரையும் தமிழில இப்பிடி எழுதித் தாங்கோ தம்பி" என்று கேட்டபோதுதான் நானும் இதைத் தோண்டிப் பார்த்தேன்.

முதலில் சொல்லின் அர்த்தம். வோக் ஒரு பிரெஞ்சுச் சொல். இன்றைக்கு அதன் பொருள் நாகரிகம், புழக்கத்தில் இருக்கும் பாணி. ஆனால் அதன் வேர் படகு வலிப்பதைக் குறிக்கும் சொல்லில் இருக்கிறது. படகு ஓடும் ஓட்டம், பிறகு ஊர் ஓடும் ஓட்டம் என்று பொருள் நகர்ந்திருக்கிறது. முல்லைத்தீவில் வள்ளம் வலித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சஞ்சிகை 1892இல் நியூயோர்க்கில் வார இதழாகத் தொடங்கியது. 1909இல் கொண்டே நாஸ்ட் என்ற பதிப்பாளர் அதை வாங்கினார். நெடுங்காலம் அதற்கு நிலையான லோகோ இல்லை. ஓவியர்கள் அட்டைக்கு அட்டை பெயரை வேறு வேறு விதமாக வரைந்தார்கள். 1940இல் ஹோர்ஸ்ட் என்ற புகைப்படக் கலைஞர், நீச்சலுடை அணிந்த ஒரு மொடலின் உடலையே வளைத்து ஐந்து எழுத்தையும் உருவாக்கினார். எனக்கு மிகப் பிடித்த அட்டை அதுதான். இப்போது நாம் பார்க்கும் வடிவம் 1950களில்தான் நிலைத்தது.

அந்த வடிவம் டிடோ என்னும் எழுத்து வகையைச் சேர்ந்தது. பாரிஸில் ஃபிர்மின் டிடோ 1780களில் வெட்டிய அச்செழுத்துகள் அதன் மூலம். லோகோவின் முதல் எழுத்தான V-ஐ உற்றுப் பாருங்கள். இடப்பக்கக் கோடு தடிப்பு, வலப்பக்கக் கோடு மயிரிழை. கூரான பேனாவைக் கீழே இழுக்கும்போது முனை அழுந்தி விரியும், மேலே ஏற்றும்போது ஒடுங்கும். அந்தக் கையசைவைத்தான் உலோகத்தில் வெட்டினார்கள். இவ்வளவு மெல்லிய கோடு அச்சில் உடையாமல் விழ வேண்டுமென்றால் வழுவழுப்பான தாள் வேண்டும், நல்ல அச்சு இயந்திரம் வேண்டும், கைதேர்ந்த ஆள் வேண்டும். மட்டமான தாளில் அது தேய்ந்துவிடும் அல்லது மை ஊறிப் பரவும். ஆக, அந்தக் கோடு விழுந்திருக்கிறது என்பதே 'இது செலவழித்து, பார்த்துப் பார்த்துச் செய்த வேலை' என்று சொல்லிவிடுகிறது. லோகோவின் உண்மையான அர்த்தம் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இன்னொரு பெரிய பாணிச் சஞ்சிகையான ஹார்ப்பர்ஸ் பஸாருக்காக ஜோனதன் ஹோஃப்லர் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் 1991இல் ஒரு டிடோ எழுத்துருவை வரைந்தார். அதை 7 தனித்தனி அளவுகளுக்குச் செய்தார். காரணம், சிறிய எழுத்தை அப்படியே பெருப்பித்தால் மயிரிழையும் சேர்ந்து தடித்துவிடும். பெரிய எழுத்தைச் சிறுப்பித்தால் அது மறைந்தே போகும்.

சரி, அக்காவின் பலகைக்கு வருகிறேன். தமிழில் இந்தத் தடிப்பு மெலிவுக்கு ஆயத்தமாக ஒரு விதி கிடையாது. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. கோடு எங்கும் ஒரே பருமன்தான். ஓலை கிழியும் என்று பல ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் நானே முடிவெடுக்க வேண்டியிருந்தது. 'ப' இலகு: இடக்கால் தடிப்பு, அடிக்கோடும் வலக்காலும் மயிரிழை. ஆனால் அக்காவின் கடைப் பெயரில் 'லை' இருந்தது. சுழியின் இரண்டு பக்கத்தையும் தடிப்பாக்கினால் அதன் கண் அடைபட்டுப் போகிறது. மூன்று நாள் அந்த ஒரு எழுத்தோடு மாரடித்தேன். கடைசியில் சுழிகளை வழமையை விடப் பெரிதாக்கி, தடிப்பை வெளிப்பக்கம் மட்டும் வைத்தேன். கண் திறந்தது.

மாதிரி ஒன்றை அச்சடித்து ஏ9 வீதியோரம் நிறுத்தினோம். மத்தியான வெயிலில் பத்தடி தள்ளி நின்றாலே மயிரிழைகளைக் காணவில்லை. 'ப' வலக்கால் இல்லாமல் நின்றது. தடிப்பாக்கலாமா என்று கேட்டேன். "அந்த மெல்லிசுக் கோடு நூல் மாதிரிக் கிடக்கு. அதைப் பார்த்துத்தானே நான் ஆசைப்பட்டனான்" என்றார் அக்கா. அவர் கேட்டது நியாயம்.

அதனால் இரண்டாக வரைந்தேன். பலகைக்கு மெல்லிய கோடுகள் மூன்று மடங்கு பருமன். வீதியின் மறுகரையிலிருந்து அது மெலிவாகத்தான் தெரிகிறது. கைக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கும் விசிட்டிங் கார்டில் மட்டும், வழுவழுப்பான மட்டையில், அவர் கேட்ட நூலிழை அப்படியே இருக்கிறது.