என் டிவிடி மெனு தொலைக்காட்சியில் மங்கலாகத் தெரிகிறது. அதன் பின்னணிப் படத்தை ஜேபெக், பிஎன்ஜி, பிஎம்பி இவற்றில் எதில் சேமிப்பது நல்லது?

பிஎன்ஜியில் சேமியுங்கள். ஆனால் உங்கள் மெனு மங்கலாகத் தெரிவதற்கு ஜேபெக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் எந்த வடிவில் கொடுத்தாலும், வட்டைத் தயாரிக்கும் மென்பொருள் அதை எம்பெக்-2 என்ற டிவிடி காணொளி வடிவின் சட்டகமாக மாற்றித்தான் வட்டில் எழுதுகிறது. தரமாகச் சேமித்த ஜேபெக்குக்கும் பிஎம்பிக்கும் தொலைக்காட்சியில் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். பிஎன்ஜியைச் சொல்வதற்குக் காரணம் வேறு: படத்தைப் பத்து முறை திருத்திச் சேமித்தாலும் அதில் எதுவும் தேயாது. ஜேபெக்தான் வேண்டுமென்றால் திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் சேமியுங்கள். அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையிலுள்ள ஜேபெக்கைச் சில மென்பொருள்கள் திறப்பதே இல்லை; சிலவற்றில் நிறம் மாறிவிடுகிறது.

உண்மையான சிக்கல் அளவில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய ஒளிப்பதிவுகளை வட்டில் ஏற்றியபோது, பாட்டியின் படத்தை ஒரு வட்டத்துக்குள் வைத்து மெனு செய்தேன். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கும் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் சட்டகம் 720×576 என்பதால் படத்தையும் அதே அளவில் வரைந்தேன். அகலத்திரைத் தொலைக்காட்சியில் போட்டதும் வட்டம் முட்டையாகிவிட்டது, பாட்டியின் கன்னம் இரண்டு பக்கமும் உப்பிவிட்டது. டிவிடியின் பிக்சல் சதுரமானது அல்ல. அந்த 720 பிக்சல்தான் திரையில் ஏறத்தாழ 1024 பிக்சல் அகலத்துக்கு இழுபடுகிறது. ஆகவே 16:9 மெனுவை 1024×576 அளவில் வரைந்து முடித்து, கடைசியில் 720×576 ஆகச் சுருக்குங்கள். 4:3 என்றால் 768×576. அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் சட்டகம் 720×480. அங்கே 16:9 மெனுவை 854×480 அளவிலும், 4:3 மெனுவை 640×480 அளவிலும் வரைய வேண்டும். சில மென்பொருள்கள் இந்தச் சுருக்கலைத் தாங்களே செய்துவிடும். அப்படியானால் நீங்கள் சுருக்க வேண்டாம், இரண்டு முறை சுருங்கிவிடும்.

கரும்பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து கணினியில் அழகாகத் தெரியும், வட்டில் ஓரம் கரைந்து போகும். டிவிடியில் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதி நுணுக்கத்தில்தான் பதிவாகிறது. வெளிச்சத் தகவல் மட்டுமே முழுமையாக இருக்கிறது. அதனால் எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் நன்றாக வேறுபடட்டும், எழுத்து தடிமனாக இருக்கட்டும். ஒரு பிக்சல் உயரமுள்ள கிடைக்கோடுகளையும் தவிர்த்துவிடுங்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் அவை துடிக்கும். அவற்றில் படத்தின் ஓரங்களும் மறைந்துவிடும் என்பதால், நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டே பொத்தான்களை வைக்கிறேன்.

படக் கோப்பின் வடிவம் உண்மையிலேயே முக்கியமாகிற இடம் ஒன்று உண்டு. பொத்தானைத் தேர்ந்தெடுக்கும்போது ஒளிர்கிறதே, அது பின்னணிப் படத்தின் பகுதி அல்ல; மேலே போர்த்தும் தனிப் படம். ஒளிபுகும் பகுதியையும் சேர்த்து அதற்கு நான்கே நிறங்கள்தான். அதை நீங்களே வரைந்து கொடுப்பதானால் ஜேபெக் அறவே கூடாது. ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி என்பதே கிடையாது. விளிம்புகளைச் சுற்றிப் புதுப்புது நிறங்களும் முளைத்துவிடும். பிஎன்ஜியிலும் விளிம்பை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டே வரையுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பு படிக்கட்டு போலத்தான் தெரியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.