கடைசிப் பதினைந்து வினாடி

அன்புள்ள அண்ணா,

போன மாதம் நீங்கள் எழுதியதில் “லைன்பேக்கருக்குத் தலைதான் முக்கியம், கால் அப்புறம்தான்” என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்துக் காட்டப்போய் எங்கள் வீட்டில் சண்டை. மகன் பதினொன்றாம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர். “உங்க அண்ணா எந்தக் காலத்துல இருக்கார்? காலேஜ் கோச்சுங்க முதல்ல கேக்கறது நாற்பது கெஜம் எத்தனை வினாடி, உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, அவ்வளவுதான்” என்கிறான். அவன் அணியில் இன்னொரு பையன் அபார வேகம், இயல்பிலேயே உடல் வாய்த்த பையன், ஆனால் பந்து ஒரு பக்கம் போனால் இவன் மறுபக்கம் ஓடிவிட்டுத் திரும்பி வருவான். என் மகன் வேகத்தில் சுமார், புத்திசாலி, எதிரணி செய்யப்போவதை முன்கூட்டியே கத்திச் சொல்வான். கல்லூரிகளிலிருந்து அழைப்பு வருவதெல்லாம் அந்தப் பையனுக்குத்தான். நீங்கள் கோச்சாக இருந்தால் யாரை எடுப்பீர்கள்?

க., கொலம்பஸ், ஓஹையோ

அன்புள்ள க.,

மகன் சொன்னதில் பாதி சரி என்று முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள். அந்த வரியை எழுதும்போது என் மனதில் இருந்தவர் லூக் கீக்லி. உங்கள் மாநிலம்தான், சின்சினாட்டிக்காரர். பாஸ்டன் காலேஜுக்கு ஆடினார், 2011 பருவத்தில் மட்டும் 191 டேக்கிள், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது. பிறகு கரோலினா பாந்தர்ஸ் என்ற தொழில்முறை அணியில், பந்து நகர்வதற்கு முன்பே எதிரணியின் திட்டத்தைத் தன் ஆட்களுக்குக் கத்திச் சொல்லிக்கொண்டிருப்பார், அதைப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த மயக்கத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டுக்கு முன், 2012இல் நடந்த சோதனையில் கிட்டத்தட்ட 110 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு அவர் நாற்பது கெஜத்தை 4.58 வினாடியில் ஓடினார். மூளைக்காரர் என்று பெயர் வாங்கியவருக்குக் கால் இல்லாமல் இல்லை. நாம் அதைப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் பார்க்காத நண்பர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கம். தடுக்கும் அணியின் முன்வரிசையில் மல்லர்கள் நிற்பார்கள், அவர்களுக்கு நாலைந்து கெஜம் பின்னால் நிற்பவர் லைன்பேக்கர். எதிரணி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் இவர் முன்னால் பாய வேண்டும், எறிந்தால் பின்னால் போய் ஆளைப் பிடிக்க வேண்டும், இரண்டில் எது என்று முடிவுகட்டக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம். அதுவும் பந்தைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. பந்தைக் கையில் வைத்திருப்பவன் ஏமாற்றுவான். எதிரணியின் கார்டு என்று ஒருவர், நடுவில் பந்தை எடுத்துக் கொடுப்பவருக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கும் தடியர், அவரைப் பார்க்க வேண்டும். அவர் தலை தாழ்ந்து முன்னால் வந்தால் ஓட்டம், தலை நிமிர்ந்து பின்வாங்கினால் எறிதல். லைன்பேக்கரின் அரிச்சுவடி இதுதான்.

இனி உங்கள் மகனின் கணக்குக்கு வருவோம். நாற்பது கெஜத்தை 4.5 வினாடியில் ஓடுபவனுக்கும் 4.8இல் ஓடுபவனுக்கும் வித்தியாசம் 0.3 வினாடி. ஆனால் லைன்பேக்கர் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை நாற்பது கெஜம் நேராக ஓடுகிறார்? பெரும்பாலும் ஐந்து, பத்து கெஜம்தான், அந்தத் தூரத்துக்கு அந்த வித்தியாசம் சுமாராக ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கார்டின் தோளைப் பார்த்துச் சரியான பக்கம் முதல் அடியை வைத்தவன் அதைவிட அதிகமாகவே மிச்சம் பிடித்திருப்பான். முதல் அடியைத் தவறான பக்கம் வைத்தவனோ அந்த அடியைத் திரும்ப எடுத்து வேறு பக்கம் வைக்க வேண்டும். மூளை என்று நாம் சொல்வது களத்தில் வேகமாகத்தான் வெளிப்படுகிறது, பார்க்கிறவர்களுக்கு அவன் வேகமானவனாகவே தெரிவான். ஸாக் தாமஸ் அப்படித்தான். டெக்சஸ் டெக்கில் ஆடியவர், 5 அடி 11 அங்குலம், லைன்பேக்கருக்குக் குள்ளம். 1996 டிராஃப்டில் 153 பேரை எடுத்து முடித்தபிறகுதான் இவரை மயாமி டால்ஃபின்ஸ் எடுத்தது. 2023இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

இதைப் படித்துவிட்டு மகனிடம் “பார்த்தியா?” என்று ஜெயித்துவிடாதீர்கள். அவன் பக்கம் சொல்ல மாண்டி டேயோ இருக்கிறார்.

2012இல் நோட்டர் டேம் அணியின் லைன்பேக்கர், அந்த வருடம் ஏழு இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தை நடுவில் பறிப்பது, லைன்பேக்கருக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம். (அவரைச் சுற்றி நடந்த வேறு கூத்து இங்கே வேண்டாம்.) பந்து எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஏழு முறை அங்கே போய் நின்றார். 2013 ஜனவரி 7, இறுதி ஆட்டம், அலபாமாவுக்கு எதிராக. அலபாமாவின் முன்வரிசை ஆட்கள் அவர் மீது வந்து விழுந்துகொண்டே இருந்தார்கள், அலபாமாவுக்காகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய எடி லேஸி அவர் பிடியை உதறிவிட்டு ஓடினார், மொத்தம் 140 கெஜம். அன்றைக்கும் டேயோ பல முறை சரியான இடத்துக்குத்தான் வந்தார், வந்து பிடிக்க முடியவில்லை. 42-14, அலபாமா ஜெயித்தது. பிறகு சோதனையில் 4.82 ஓடினார், முதல் சுற்றில் யாரும் எடுக்கவில்லை, 38ஆவது ஆளாகப் போனார். சரியான இடத்தில் தோற்பதை அன்றைக்குப் பார்த்தேன். தலை எவ்வளவு நல்ல தலையாக இருந்தாலும் கால் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு பக்கம் கிளெம்சனின் ஐசேயா சிமன்ஸ். 6 அடி 4 அங்குலம், 108 கிலோ, 4.39 வினாடி. அந்த உடம்புக்கு அந்த வேகம் நம்ப முடியாதது. 2019இல் கல்லூரி லைன்பேக்கர்களுக்கான பட்கஸ் விருது வாங்கினார், 2020இல் எட்டாவது ஆளாக அரிசோனாவுக்குப் போனார், 2023இல் ஒரு ஏழாவது சுற்றுத் தேர்வுக்கு அவரை நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள். அடிமாட்டு விலை. அப்படியானால் கல்லூரியில் எப்படி அத்தனை பிரமாதமாக ஆடினார்? கிளெம்சனில் தடுப்பணியை நடத்தியவர் பிரென்ட் வெனபிள்ஸ். எதிரணியின் சைகைகளைப் படிப்பதில் கில்லாடி என்று பெயர், அவரே ஒரு காலத்தில் லைன்பேக்கர். சிமன்ஸை ஓர் இடத்தில் கட்டிப்போடாமல் ஒருமுறை முன்வரிசையில், ஒருமுறை கோட்டைக் காவலாக வெகுதூரம் பின்னால் என்று நிறுத்தி, யோசிக்கிற வேலையின் பெரும்பகுதியை மைதானத்தின் ஓரத்தில் நின்று தானே செய்தார் என்பது என் கணிப்பு.

கல்லூரி கோச்சுகள் ஏன் காலைத் தேடி வருகிறார்கள் என்பதற்கான பதில் இதில்தான் இருக்கிறது. அவர்களுக்குக் கிடைப்பது வாரம் 20 மணி நேரம். பயிற்சி, கூட்டம், ஃபிலிம் பார்ப்பது எல்லாம் அதற்குள், விதி அப்படி. பையன் இருக்கப்போவதோ மூன்று நாலு வருடம், அதற்குள் வேறு கல்லூரிக்கு மாறியும் போகலாம். மூளையைக் கோச் கடன் கொடுக்கலாம், காலைக் கொடுக்க முடியாது. 2024இலிருந்து கல்லூரி ஆட்டத்தின் மேல்நிலைப் பிரிவில் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவே வைத்துவிட்டார்கள், களத்தில் இருக்கும் தடுப்பணி ஆட்களில் ஒருவர் காதில் கோச் நேராகப் பேசலாம், பல அணிகளில் அந்த ஒருவர் லைன்பேக்கர்தான்.

ஆனால் அந்த ரேடியோ, ஒவ்வொரு முறையும் பந்தை எடுக்கக் கெடு வைக்கும் கடிகாரத்தில் 15 வினாடி மிச்சமிருக்கும்போது அறுந்துவிடும், அதற்கு முன்பே பந்தை எடுத்துவிட்டால் அப்போதே. அதற்கப்புறம்தான் எதிரணி ஆளை இடம் மாற்றும், ஒருவனைக் குறுக்கே ஓடவிடும், பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக் கையைத் தட்டிவிட்டு வேறு ஏதோ கத்துவார். அந்த நேரத்தில் லைன்பேக்கருக்குக் காதில் யாரும் இல்லை. உங்கள் மகன் கத்துகிறான் என்றீர்களே, அந்தக் கத்தலுக்கு மதிப்பு அங்கேதான். நாற்பது கெஜ ஓட்டம் அதை அளப்பதில்லை. அளக்க முயன்று 12 நிமிடத்தில் 50 கேள்வி என்று ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தார்கள், அதையும் 2022இல் தொழில்முறைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பரீட்சை எழுதுகிற புத்தி வேறு, இது வேறு.

சரி, மகன் பக்கம் இன்னும் பலமான வாதம் ஒன்று இருக்கிறது, அதை அவனே சொல்லாததால் நான் சொல்கிறேன். கல்லூரி ஆட்டத்தில் எறிகிற ஆட்டத்தின்போதும் முன்வரிசை ஆட்கள் மூன்று கெஜம் வரை முன்னால் போகலாம், தொழில்முறையில் ஒரு கெஜம்தான். இந்த இரண்டு கெஜத்தில் ஒரு பெரிய ஏமாற்று வித்தையையே கட்டிவிட்டார்கள். கார்டு தலையைத் தாழ்த்தி முன்னால் வருகிறார், அரிச்சுவடிப்படி அது ஓட்டம். குவார்ட்டர்பேக் பந்தை, அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடி லைன்பேக்கரையே பார்க்கிறார். லைன்பேக்கர் முன்னால் வந்தால் பந்தை உருவி அவர் விட்டுவந்த இடத்தில் எறிவார், வராவிட்டால் பந்தைக் கொடுத்துவிடுவார். இருதலைக் கொள்ளி எறும்பு. இதில் பாடத்தைச் சரியாகப் படித்தவன்தான் முதலில் மாட்டுகிறான். வேகமானவன் அரை வினாடி தயங்கி நின்றுவிட்டு, எது என்று தெரிந்தபிறகும் ஓடிப்போய்ப் பிடிக்கலாம். எனக்குக் கால் என்பது இதுதான், தப்பு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம். வேகம் குறைந்தவனுக்கு அந்த அவகாசம் இல்லை, அவன் ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தாக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒன்று உறுத்தியது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “புத்திசாலி”, “இயல்பிலேயே உடல் வாய்த்த பையன்” என்ற இந்த இரண்டு சொற்களுக்கும் இந்த ஊரில் நிறம் உண்டு. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு “யோசிக்கிற இடங்கள்” என்று பெயர் வைத்திருந்த குவார்ட்டர்பேக், சென்டர் (நடுவில் பந்தை எடுத்துக் கொடுப்பவர்), நடு லைன்பேக்கர் இடங்களைத் தராமல் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. மார்கன் ஸ்டேட்டிலிருந்து 1967இல் கேன்சஸ் சிட்டி அணிக்கு வந்த வில்லி லேனியர்தான் நடு லைன்பேக்கராகப் பெரும்பெயர் எடுத்த முதல் கறுப்பினத்தவர். பின்னாளில் பால்டிமோர் அணியின் லைன்பேக்கர் ரே லூயிஸைப் பற்றிக்கூட அவருடைய ஆவேசத்தைத்தான் பேசினார்கள், அவர் உட்கார்ந்து ஃபிலிம் பார்த்த மணிக்கணக்கைப் பேசியது குறைவு. அந்த இன்னொரு பையன் யார், எந்த நிறம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பள்ளியில் எல்லோரையும்விட வேகமாக இருந்ததால் கார்டைப் படிக்க வேண்டிய தேவையே அவனுக்கு வந்திருக்காது. தப்பான பக்கம் ஓடிவிட்டும் பிடித்துவிடுகிறான், பிறகு எதற்குப் படிக்க வேண்டும்? படிக்காதவனை முட்டாள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

யாரை எடுப்பேன்? இரண்டு வருடம் கையில் இருந்தால் அந்தப் பையனை. நாளைக்கே ஆட்டம் என்றால் உங்கள் மகனை, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை, டேயோ மாட்டியது போல ஒரு பெரிய ஆள் மேலே வந்து விழும்போது அவன் உதறிவிட்டு வர வேண்டும். அவன் கத்துவதைப் பற்றி எழுதினீர்கள், கத்தியபிறகு என்ன ஆகிறது என்று எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் போவீர்கள்தானே? ஒரே ஒரு முறை பந்தைப் பார்க்காமல், ஆட்டத்தின் முதல் கால் பகுதி நேரம் முழுக்க அவன் பாதத்தை மட்டும் பாருங்கள், முதல் அடி எந்தப் பக்கம் போகிறது, திரும்ப எடுத்து வைக்கிறானா என்று. பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. அந்த இன்னொரு பையனின் பாதத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்